சிலந்தி இல்லாத வயல்

நேற்று விருத்தாசலம் ஜங்ஷனில் பக்கத்தில் நின்றவரின் பையிலிருந்து பூச்சிமருந்து நெடி வந்தது. உடனே கருவேப்பிலங்குறிச்சியில், இன்று பீங்கான் மண் எடுத்த பள்ளமாகக் கிடக்கும் எங்கள் சம்பா வயலுக்குள் நினைவில் சிறுவனாகப் போய்விட்டேன்.

ஐப்பசியில் அங்கே தூருக்குத் தூர் சிலந்திகள் ஓடும். களை பறிக்க இறங்கினால் காலில் ஏறும்; எனக்கு உடம்பு கூசும்.

“மருந்து அடிப்பா. இல்லன்னா நான் வயல்ல எறங்க மாட்டேன்.”

“அது கடிக்காதுடா. புகையானத் தின்னுட்டு அது பாட்டுக்குக் கெடக்குது. பயத்தப் பாரு தொரைக்கு!” என்று சிரித்த அப்பா, நான் அழுததும் மருந்துப் பம்பை முதுகில் மாட்டினார்.

பிறகு வயலில் எதுவும் ஓடவில்லை. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. மழை விட்டுப் புழுங்கிய கார்த்திகை மாலைகளில், பயிரின் சாற்றை உறிஞ்சும் அந்தப் புகையான் பூச்சிகள் மணலை வாரி இறைத்தது போல லாந்தர் கண்ணாடியில் வந்து மோதின. அவற்றைத் தின்ன ஒன்றும் மிச்சமில்லாததால் நாளுக்கு நாள் அந்தச் சத்தம் கூடிக்கொண்டே போனது. கதிர் வாங்கிய பயிர் வட்டம் வட்டமாகத் தீய்ந்தது.

“இந்த வருசம் பூச்சி ஜாஸ்திங்க” என்றுதான் கேட்டவர்களிடமெல்லாம் அப்பா சொன்னார். பக்கத்தில் நின்ற நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.