இன்டர்கூலரில் தேங்கிய தண்ணீர்

நடந்ததைத்தான் சொல்கிறேன். கூட்டிக் குறைத்துச் சொல்லவில்லை. நம்பாதவர்கள் சிரித்துக்கொண்டே படிக்கலாம். மலேசியாவின் ஸ்கூடாயில் டீசல் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் செல்லப்பனும் அப்படிச் சிரித்தவர்தான். பேய் என்றால் சிரிப்பார். வாடிக்கையாளர் வாயைத் திறந்தாலே சிரிப்பார். ஜொகூர் மாநிலத்தில் டீசல் இன்ஜினைப் புரிந்துகொண்டவர் தான் ஒருவர்தான் என்பது அவர் எண்ணம்.

யாராவது போனில் கூப்பிட்டால் பாதி கேட்பார். மீதி அவருக்கே தெரியுமாம். பதிலைச் சொல்லிவிட்டு, போனை அப்படியே மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விடுவார். லைனைத் துண்டிக்கக்கூட மாட்டார். வேண்டுமென்றால் அவர்கள் வைத்துக்கொள்ளட்டும் என்று ஒரு தலைக்கனம்.

போன டிசம்பரில் விடாத மழை. சுகுமாறன் என்பவர் ஒரு பழைய டீசல் காரோடு வந்தார். செடெனாக்கிலிருந்து ரெங்கம் போகிற, பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துச் சாலையில், விடிகாலையில் மட்டும், காரின் முன்பக்கத்தில் 'களக்… களக்…' என்று சத்தம் வருகிறதாம். யாரோ தண்ணீர் குடித்துத் திணறுவதுபோல. அதன் பிறகு இன்ஜின் இருமுகிறதாம்.

"என் சம்சாரம் இதுல ஏறவே மாட்டேங்கிறா, அண்ணே. உள்ளேர்ந்து யாரோ தட்டுறாங்களாம்."

"யாரு, போஸ்ட்மேனா?"

ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர்கள் சிரித்தார்கள். செல்லப்பனுக்கு அது போதாதா? பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

"இதுக்குப் பேரு இன்டர்கூலர். டர்போவுலேர்ந்து வர்ற சூடான காத்தை இதான் குளிர வைக்குது. மழைக் காலத்துல விடியக்காலம் வெளிய குளிரு. ஐஸ் தண்ணி கிளாஸ் வேர்க்குதுல்ல? அந்த மாதிரி இதுக்குள்ள வேர்த்து தண்ணி தேங்கும். நீ மாட்டு வண்டி மாதிரி மெதுவா ஓட்டுனா அங்கயே கிடக்கும். திடீர்னு மிதிச்சா இன்ஜின் அதைக் குடிச்சிட்டு இருமும். பேயும் இல்ல, பிசாசும் இல்ல லா."

சொன்னதில் ஒரு பிழையும் கிடையாது. அவருடைய அறிவில் எந்தக் குறையும் இல்லை. குறையெல்லாம் காதில்தான்.

சுகுமாறன் காரை விற்றுவிடப் போவதாகச் சொன்னார். செல்லப்பனே அடிமாட்டு விலைக்கு வாங்கிப் போட்டார். மகள் ரூபினிக்கு ரெங்கத்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். இவர்கள் வீடு செடெனாக்கில். தினமும் அவள் போக வேண்டியது அதே தோட்டத்துச் சாலைதான். 'முட்டாள் பயந்தால் புத்திசாலிக்குக் கார்' என்று அவருக்கு ஒரே பூரிப்பு.

பம்பரைக் கழற்றினார். அடிக்குழாயை உருவியதும் ஒரு கிளாஸ் தண்ணீர், எண்ணெய் மினுக்கத்தோடு கொட்டியது. எதிர்பார்த்ததுதான். இன்டர்கூலரின் கீழ்ப்பாதியை மறைத்து ஒரு அட்டை, கம்பி போட்டுக் கட்டியிருந்தது. ஊறி உப்பிப் போயிருந்தது. துடைத்துப் பார்த்தார். அவருடைய ஒர்க்‌ஷாப் இலவசமாகக் கொடுக்கும் காலண்டரின் அட்டை. மூன்று வருடம் பழையது. முருகன் முகம் பாதி, அவருடைய போன் நம்பர் முழுதாக.

மழைக் காலத்தில் இன்டர்கூலர் ரொம்பக் குளிராமல் இருக்கப் பாதியை மறைக்கச் சொல்வது அவர் வழக்கம். காலண்டர் அட்டையே போதும் என்பார். அப்படியென்றால் கார் எப்போதோ அவர் கைக்கு வந்ததுதான். யாருடையது? நினைவில்லை. முகங்களை நினைவில் வைக்கிற ஆளா அவர்? அட்டையைக் குப்பையில் போட்டார். பம்பரின் உள்மடிப்பில் மஞ்சள் வண்டல் அப்பியிருந்தது. தோட்டத்துச் சேறு என்று கழுவிவிட்டார். அட்டைக்குப் பதில் அலுமினியத் தகடு. தண்ணீர் தானாக வடிய அடியில் இரண்டு மில்லிமீட்டர் துளை. வேலை சுத்தம்.

சனிக்கிழமை இரவு ரூபினி கேட்டாள். "வழியில சத்தம் கேட்டா என்னா செய்றது, அப்பா?"

"மிதி. நல்லா மிதிச்சா தண்ணி போயிரும். எல்லாருக்கும் நான் சொல்றது இதான்."

"இல்லப்பா, நான் என்ன கேக்குறேன்னா…"

அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

இருந்தாலும் பெற்ற மகள் ஓட்டப் போகிற கார். ஞாயிற்றுக்கிழமை, அவள் கிளம்ப வேண்டிய அதே நேரத்தில், தானே ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்.

காலை 6.31. மழை விட்டிருந்தது. காரின் திரையில் இருபத்திரண்டு டிகிரி. அடித்துளையைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது.

6.40. தோட்டத்துச் சாலை. இன்னும் விடியவில்லை. பனி மூட்டம். இரண்டு பக்கமும் செம்பனை.

6.44. 'களக்…'

செல்லப்பன் சிரித்தார். மிதித்தார். சத்தம் நின்றது. "அவ்ளோதான் லா," என்றார் பக்கத்தில் யாருமில்லாத இருக்கையிடம்.

6.47. மறுபடியும். இந்தத் தடவை நீளமாக. 'களக்… களக்… களக்…'

நிறுத்தி இறங்கினார். குனிந்து டார்ச் அடித்தார். துளையிலிருந்து நூல்போல் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. ஒரு கிளாஸ் இருக்கும். பிறகு இரண்டு. நிற்கவில்லை. ஒரு குடம் தேறும் அளவுக்குக் காரின் அடியில் குட்டை கட்டியது. அந்தச் சின்னப் பெட்டிக்குள் இவ்வளவு தண்ணீருக்கு இடமே கிடையாது. அது அவருக்குத் தெரியும்.

விரலில் தொட்டு முகர்ந்தார். எண்ணெய் வாடை இல்லை. சேற்று வாடை. அழுகின இலை வாடை.

"மழைத் தண்ணி," என்று சத்தமாகச் சொன்னார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. ஏறிக் காரை எடுத்தார்.

6.50. டொக்… டொக்… டொக்…

குழாய் லூசாக இருக்கும் என்று நினைத்தார்.

டொக்… டொக்… டொக்…

சத்தம் முன்னாலிருந்து வரவில்லை. பின் கண்ணாடியிலிருந்து வந்தது. உள்பக்கத்திலிருந்து.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

6.51. காரின் திரை தானாக ஒளிர்ந்தது. ரேடியோ அணைந்துதான் இருந்தது. அவர் போன் சட்டைப் பையில். காரின் ஸ்பீக்கரில் மணி அடித்தது. யாரும் தொடாமலே லைன் கிடைத்தது.

"அண்ணே… தண்ணி சத்தம் கேக்குதுண்ணே…"

ஒரு பெண். மூச்சு வாங்கியது.

பதிலுக்கு ஓர் ஆண் குரல். தூக்கக் கலக்கம். சலிப்பு.

"இன்டர்கூலர் தண்ணிதாம்மா. மிதி. ஒண்ணும் ஆகாது."

அது அவர் குரல்.

"இல்லண்ணே… தண்ணி கால்ல…"

"நல்லா மிதிம்மா."

6.52.

பெடல் கீழே போனது… அவர் கால் அதன் மேல் இல்லை.

கார் பாய்ந்தது.

இரண்டு கையாலும் ஹேண்ட்பிரேக்கை இழுத்தார்.

வழுக்கி… நின்றது. இன்ஜின் அணைந்தது.

பனி விலகியது.

பத்தடி முன்னால் சாலை இல்லை. ஆறு பொங்கிச் சாலையை மூடி, பழுப்பாக, சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

செல்லப்பன் காரை அங்கேயே விட்டுவிட்டுச் செடெனாக் வரைக்கும் நடந்தார். வீட்டு வாசலில் ரூபினியைப் பார்த்ததும் அழுதார். அவர் அழுது அவள் பார்த்ததே இல்லை.

திங்கட்கிழமை ரூபினி பள்ளிக்கு வேறு காரில், வேறு வழியில் போனாள். செல்லப்பன் ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்து காரின் பழைய உரிமையாளரைத் தேடிப் பிடித்தார். சுகுமாறனுக்கு முன்னால் குளுவாங்கைச் சேர்ந்த வசந்தன் என்பவர். கூப்பிட்டார். ரொம்ப நேரம் மணி அடித்தது. பிறகு எடுத்தார்.

"ஹலோ. உங்க பழைய டீசல் காரைப் பத்திக் கேக்கணும். அது… வெள்ளத்துல முங்குன காரா?"

"ஆமா. மூணு வருசமாச்சு. என் வைஃப் தவமலர் ஓட்டிட்டுப் போனா. அந்தத் தோட்டத்து ரோட்டுல. இருட்டு, பனி. தண்ணிக்குள்ள எறங்குனதே அவளுக்குத் தெரியல போல. பின் சீட்டுலதான் கிடந்தா. கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கை முட்டியெல்லாம் பேந்திருந்துச்சு."

செல்லப்பன் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தார்.

"கடைசியா ஒரு நம்பருக்குப் போன் போட்டிருக்கா. 6.51க்கு. எனக்கு இல்ல. பதினோரு நிமிசம் லைன் இருந்திருக்கு."

பதினோரு நிமிடம். அவர் பேசியது அரை நிமிடம் இருக்கும். மீதி நேரம் அவர் போன் மேசையில் கவிழ்ந்து கிடந்திருக்கிறது. அவர் பல் துலக்கியிருப்பார். காப்பி குடித்திருப்பார்.

"அந்த நம்பருக்கு நான் மூணு தடவ அடிச்சேன்," என்றார் வசந்தன். "நான் சொல்ல வந்ததைக் கேக்கவே இல்ல. ராங் நம்பர்னு கத்திட்டாரு. அப்படியே சேவ் பண்ணி வெச்சிட்டேன், ராங் நம்பர்னு. இப்ப நீங்க கூப்பிடுறப்ப என் போன்ல அந்தப் பேருதான் வருது."

செல்லப்பன் போனைக் கவிழ்த்து வைக்கவில்லை. வசந்தன் அழுது முடிக்கிற வரைக்கும் காதிலேயே வைத்திருந்தார். பிறகு போன் திரையில் பேசிய நேரத்தைப் பார்த்தார். பதினோரு நிமிடம் ஆகியிருந்தது.