கணக்குப் பரீட்சையும் வாய்தாவும்

கேஸில் மாட்டிய பிள்ளைகளைத் திரும்பப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைப்பது என் உத்தியோகம். அதாவது, விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் எல்லார் காலிலும் விழுவது. ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கும் சக பாவிகளே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

தங்கமான மனுஷர்

சதீஷ் பிளஸ் டூ. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நடந்த அடிதடியில் பக்கத்தில் நின்ற புண்ணியத்துக்கு அவன் பேரும் கேஸில் ஏறிவிட்டது. ஜாமீனில் வந்தவனைக் கூட்டிக்கொண்டு அவன் படித்த பள்ளிக்கே போனேன். தலைமையாசிரியர் டீ வாங்கிக் கொடுத்தார். கல்வி எல்லோருக்கும் பொது என்று டீ ஆறும்வரை பேசினார். கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தார்: "பையன் நல்லா படிக்கட்டும் மேடம், நான் வேணாங்கல. பள்ளிக்கூடத்துக்கு மட்டும் வர வேணாம்."

பரம ரகசியம்

சண்டை போட்டுக் கடைசி பெஞ்சில் ஓர் இடம் வாங்கினேன். கேஸ் விஷயம் வகுப்பில் யாருக்கும் தெரியக் கூடாது, போலீஸ் வந்தால் யூனிபார்ம் கூடாது என்பது சட்டம். விசாரணைத் தேதியைச் சொல்ல வந்த ஏட்டையா சட்டத்தை மதிப்பவர். பூப்போட்ட சட்டையில்தான் வந்தார். வந்தது மட்டும் போலீஸ் ஜீப்பில், காலைப் பிரேயர் நேரத்தில், மைதானத்துக்கு நடுவில். இனிப் பள்ளிக்கே போக மாட்டேன் என்று சதீஷ் பையைத் தூக்கி எறிந்தான். ஸ்டேஷனுக்குப் போய் ஏட்டையாவைக் கேட்டால் பதில் தயாராக இருந்தது: "யூனிபாரம் போடக் கூடாதுன்னாங்க, போடல. ஜீப்பு பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலியேம்மா."

சுறுசுறுப்பு

கெஞ்சிக் கூத்தாடி அவனைத் திரும்ப அனுப்பினேன். அப்புறம்தான் அந்த விசாரணைத் தேதியைக் கவனித்தேன். பொதுத்தேர்வில் கணக்குப் பரீட்சை அன்றைக்குத்தான். திண்டிவனத்தில் காலை பத்து மணிக்குப் பரீட்சை, அதே பத்து மணிக்கு விழுப்புரத்தில் இளைஞர் நீதிக் குழுமத்தில் விசாரணை. இந்த வருஷம் போனால் இவன் மறுபடி புத்தகத்தைத் தொட மாட்டான். சாட்சி வரவில்லை, மாஜிஸ்திரேட் லீவு என்று மாசக்கணக்கில் வாய்தா போட்டவர்களாச்சே, இன்னொன்று வாங்கிக் கொடுங்கள் என்று வக்கீலிடம் ஓடினேன். அவர் என்னைத்தான் முறைத்தார்: "கேஸ ஜல்தியா முடிங்கன்னு பேஜாரு பண்ணிக்கினு இருந்தது நீங்கதானே மேடம்? அன்னிக்கு எல்லா சாட்சியும் வர்றாங்க."

ஆஜர்

சதீஷின் அம்மா அஞ்சலை, மல்லாட்டைக் கொல்லையில் நிலக்கடலை பிடுங்கும் கூலி வேலை செய்கிறவர். அவர் யாரையும் கேட்கவில்லை. மகனைப் பரீட்சைக்கு அனுப்பிவிட்டு, தான் விழுப்புரம் பஸ் ஏறிவிட்டார். குழுமத்தில் மகன் பேரைக் கூப்பிட்டதும் போய் நின்றார். பையன் எங்கே என்று மாஜிஸ்திரேட் அம்மா கேட்டார். வக்கீல் ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொண்டார். ஜாமீனை ரத்து செய்துவிடுவார்களோ என்று எனக்குப் பயம். அஞ்சலை நிதானமாகச் சொன்னார்: "கணக்கு எழுதிக்கினு கீறான் சாமி. அத வுட்டுட்டு இங்க வந்து நின்னா, நீங்க விடுதலைன்னு சொன்னாலும் அவன் எங்கூட மல்லாட்டை புடுங்கத்தான் வரணும்."

வாய்தா கிடைத்தது, சதீஷ் பாஸ். எனக்குத் தெரிந்து ஒரு பிள்ளையின் படிப்புக்குச் சட்டம் செய்த ஒரே உதவி, அன்றைக்கு ஒருநாள் தன் வேலையைச் செய்யாமல் இருந்ததுதான்.