அன்னபாக்கியம் கேட்ட தாலிப் படம்

சன்னாசிக்குக் குழப்பம் கூடப் பிறந்தது. எந்தச் சட்டையைப் போடுவது என்று யோசித்தே ரயிலைத் தவறவிட்ட மனிதர். மலாயாவில் பத்து காஜா என்ற ஊரை ஒட்டிய ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். பால்மரம் வெட்டப் பிடிக்காமல் ஈப்போவுக்கு வந்து, ஒரு ஜப்பான்காரரின் படக்கடையில் பெட்டி தூக்கிப் படம்பிடிக்கக் கற்றுக்கொண்டார். ஊருக்குத் திரும்பிய ஜப்பான்காரர் தன் பழைய கேமராவை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். அதை வைத்துத்தான் ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் பிழைப்பு ஓடியது.

1926-இல் யாழ்ப்பாணத்து அம்மாள் ஒருவர் இவருக்கு ஆள் அனுப்பினார். பெயர் அன்னபாக்கியம். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் ஞானம்மாவுக்குக் கல்யாணம். முன்னின்று நடத்துபவர் அம்மாளின் அண்ணன், அரசாங்க ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி துரைசிங்கம். தாலியிழந்தவள் மணவறைப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்பது சொந்தபந்தத்தின் சட்டம். பெற்ற மகள் கழுத்தில் தாலி ஏறுவதைப் பெற்றவளே பார்க்கக் கூடாதாம். என்ன நியாயமோ, எனக்குப் புரியவில்லை.

“தம்பி, நான் அங்கால வரேலாது,” என்றார் அம்மாள். “தாலி கட்டேக்க எடுங்கோ. பிறகு நிக்க வைச்சு எடுக்கிற படம் எனக்கு வேண்டாம்.”

சன்னாசி வேகமாகத் தலையாட்டிவிட்டார். வெளியே வந்ததும் துரைசிங்கம் மறித்தார். வெளிச்சத்துக்காக மக்னீசியப் பொடி கொளுத்தும் வேலையெல்லாம் இங்கே ஆகாது. போன மாதம் ஒரு கல்யாணத்தில் பொடி நெருப்பு தோரணத்தில் பிடித்து, தாலி நேரத்தில் அபசகுனமாகிவிட்டது என்றார். அந்த வீட்டுக் கூடமோ பட்டப்பகலிலேயே இருட்டு. போதாக்குறைக்கு வாசலில் பந்தல், வானத்தில் மழை.

பொடி இல்லையென்றால் லென்ஸ்தான் கதி. ஈப்போவில் கேமரா சாமான் விற்கும் சீனக் கடை முதலாளி, ஊர் வாயில் தவுக்கே, ஜெர்மனியிலிருந்து வந்த பெரிய வாய் லென்ஸ் ஒன்றை எடுத்துக் காட்டினார். சன்னாசியின் பழைய லென்ஸில் எட்டு என்று போட்டிருந்தது. இதில் மூன்றுக்கும் குறைவு. எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும் என்று தவுக்கே மலாய் மொழியில் அடித்துச் சொன்னார். குறைந்தால் எப்படிக் கூடும்? சன்னாசிக்குத் தலை சுற்றியது. சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வாங்கி வந்தார்.

வீட்டில் ஜன்னலைச் சாத்தி, விளக்கேற்றி, மனைவி இருளாயியை உட்கார வைத்தார். பழைய லென்ஸுக்கு வெகுநேரம் மூடியைத் திறந்து வைக்க வேண்டியிருந்தது. அதற்குள் அவள் மூக்கைச் சொறிந்தாள். படத்தில் மூக்கே இல்லை. புது லென்ஸ் சட்டென்று பிடித்தது. மூக்கு கத்தி மாதிரி விழுந்திருந்தது, காது இரண்டும் வெண்ணெயாய் உருகியிருந்தன. குறிவைத்த தூரம் மட்டும் தெளிவு. அதற்கு முன்னும் பின்னும் கலங்கல்.

“மூக்கு வேணுமா காது வேணுமான்னு மொதல்ல முடிவு பண்ணுங்கலா,” என்று சொல்லிவிட்டு இருளாயி சோறாக்கப் போய்விட்டாள்.

பழையதைப் போட்டால் எல்லாம் தெளிவு, ஆனால் ஆடாமல் இருக்க வேண்டும். தாலி கட்டும்போது யார் ஆடாமல் இருப்பார்கள்? கல்யாண நாள் காலையிலும் ஒன்றைக் கழற்றி மற்றதை மாட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் புதியதே கேமராவில் இருந்தது.

மணவறையில் பெண்ணின் கழுத்துக்குச் சரியாகக் குறிவைத்தார். தோட்டத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளை உட்கார்ந்த இடத்திலேயே திரும்பித் தாலி கட்டுவார்; சன்னாசி கண்டதெல்லாம் அதுதான். குறிவைத்த பிறகு, படம் பதியும் கண்ணாடித் தட்டை உள்ளே செருகினார். செருகிவிட்டால் அப்புறம் அது குருட்டுப் பெட்டி, எதையும் பார்த்துத் திருத்த முடியாது.

கெட்டிமேளம் முழங்கியது. மாப்பிள்ளை குலசிங்கம் எழுந்தார். எதற்கு எழுகிறார் என்று சன்னாசி திகைப்பதற்குள், பெண்ணுக்கு முன்னால் வந்து நின்று, கேமராவுக்கு முழு முதுகையும் காட்டிக்கொண்டு தாலியைக் கட்டினார். யாழ்ப்பாணத்தார் வழக்கம் அது. யாரும் இவருக்குச் சொல்லவில்லை. இவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கை தன்பாட்டுக்கு மூடியைத் திறந்து மூடியது.

இருட்டறையில் தட்டைக் கழுவி, படம் போட்டுப் பார்த்தார். நடுவே முதுகு, வெள்ளைப் புகையாக. பெண்ணும் இல்லை, தாலியும் இல்லை. அப்போதுதான் ஓரம் கண்ணில் பட்டது. மணவறைக்கு நேர் பக்கத்தில் உள்ளறைக் கதவு, கேமராவிலிருந்து அதே தூரத்தில் இருந்திருக்கிறது. ஒருக்களித்த கதவிடுக்கில் வெள்ளைச் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அன்னபாக்கியம் நின்றார். கண்ணிமை மயிர்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது.

இதை யாரிடம் கொடுப்பது? கிராணியார் பார்த்தால் வீடு இரண்டுபடும். கொடுக்காவிட்டால் வாக்கு என்னாவது? குழம்பிக் குழம்பி, கடைசியில் அம்மாளிடமே எடுத்துப் போனார். ஞானம்மாவும் அன்று தாய்வீடு வந்திருந்தாள்.

“தாலி விழலைங்கம்மா. நான் வச்ச குறி தப்பாப் போச்சு,” என்றார்.

அன்னபாக்கியம் படத்தைப் பார்த்தார். சட்டென்று சேலையால் மூடினார். “இதை அண்ணைக்குக் காட்டினனீங்களோ?”

இல்லை என்று சன்னாசி தலையசைத்தார்.

“நான் பாத்திட்டன், தம்பி. அண்டைக்குப் பாக்கத் துணிவு வராதெண்டுதான் படம் கேட்டனான். மேளம் கேட்டதும் கால் தன்பாட்டில வந்திட்டுது.”

ஞானம்மா படத்தைத் தாயின் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள். “நான் தலை நிமிரேல்லை. அம்மா எங்கையோ நிண்டு அழுறா எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தனான்,” என்றாள்.

வாசலில் செருப்புச் சத்தம். ஞானம்மா படத்தைச் சேலை மடிப்புக்குள் செருகிக்கொண்டாள். உள்ளே வந்த துரைசிங்கம், தாலி கட்டின படம் எங்கே என்று கேட்டார்.

சன்னாசி யோசிக்கவே இல்லை. “பாழாப் போச்சுங்கய்யா. தட்ட ஒடச்சிப் போட்டுட்டேன்.”

தெரியாத வேலையை ஏன் ஏற்கிறாய் என்று துரைசிங்கம் தெருவுக்கே கேட்கும்படி ஏசினார். அதற்குப் பிறகு யாழ்ப்பாணத்தார் வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்கும் சன்னாசியைக் கூப்பிடவில்லை. எந்த லென்ஸ் நல்லது என்று தவுக்கே கேட்டபோது மட்டும் அவர் மறுபடியும் குழம்பிப்போய், நாளைக்குச் சொல்கிறேன் என்றார்.