மாஸ்டர் மில்லுக்குப் போன வாரம்

எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. பஸ்ஸில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனாலும் அருப்புக்கோட்டைக் கடைவீதியில் நான் நடந்தால், "மாஸ்டர் வீட்டம்மா வாராக" என்று வழிவிடுவார்கள். அந்தப் பெருமையை நான் ஏன் மறைக்க வேண்டும்? என் வீட்டுக்காரர் ஒரு மாடியில் டைப் வகுப்பு நடத்தினார். பரளச்சி, நரிக்குடிப் பக்கத்துப் பையன்களெல்லாம் பஸ் ஏறி வந்து அவரிடம் படித்துவிட்டுத்தான் கோர்ட்டு, மில்லு என்று வேலைக்குப் போனார்கள்.

அவரிடம் ஒரு கண்டிப்பு உண்டு. குனிந்து எழுத்தைப் பார்த்து அடிக்கக்கூடாது. ரூல் தடியோடு பின்னாலேயே நடப்பார். எவன் தலை குனிகிறதோ அவன் விரல் முட்டியில் ஒரு தட்டு. தட்டு வாங்கினவன் எழுந்து நின்று, "சாரி மாஸ்டர்" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார வேண்டும். அதுதான் அங்கே வழக்கம்.

எழுபதுகளில் மழை ஏமாற்றிய வருஷங்கள் வந்தன. கம்பும் பருத்தியும் காய்ந்தன. கிராமத்து ஆட்கள் பிள்ளைகளை டவுனுக்கு அனுப்புவதை நிறுத்தினார்கள். மெஷின்கள் உறையைப் போர்த்திக்கொண்டு சும்மா கிடந்தன. கடைசியில் மதுரைக்காரர் ஒருவருக்கு அவற்றைக் கொடுத்துவிட முடிவு செய்தோம். லோடு ஏற்றுகிற அன்று காலையில் இவர் ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"விக்கிற சாமானுக்கு எதுக்குங்க எண்ணெய்?" என்றேன்.

"போற எடத்துல நம்ம பேரச் சொல்ல வேணாமா, புள்ள?"

அதற்குப் பிறகு ஒரு நூல் மில் ஆபீஸில் டைப் அடிக்கும் வேலை வந்தது. வாங்கிக் கொடுத்தவர் இவரிடமே படித்த பையன். இப்போது அங்கே ஹெட் கிளார்க். இவருக்கு மனசு ஒப்பவில்லை.

"எங்கிட்டத் தட்டு வாங்குனவன். அவனுக்குக் கீழ நான் உக்காரவா?"

"அந்தத் தம்பி ஒங்கள மறக்காமத்தான வந்து கூப்புடுது? போயிட்டு வாங்க."

போனார். அந்த வாரமே ஒருநாள், நான் உலை வைத்துக்கொண்டிருக்கும்போதே திரும்பி வந்துவிட்டார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"வேல போச்சு."

"என்ன செஞ்சீக?"

சொல்ல மாட்டேன் என்றார். பிறகு சொன்னார். ஹெட் கிளார்க் அவசரமாக ஒரு கடிதம் அடித்திருக்கிறார், குனிந்து எழுத்தைப் பார்த்தபடி. இவர் ஏதோ தாள் எடுக்க அந்தப் பக்கம் போயிருக்கிறார். மேசை மேல் ரூல் தடி கிடந்திருக்கிறது. கை தானாக எடுத்து, முட்டியில் ஒரு தட்டுத் தட்டிவிட்டது. ஹெட் கிளார்க்காவது சும்மா இருந்தாரா? சடக்கென்று எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, "சாரி மாஸ்டர்" என்று சொல்லியிருக்கிறார். முதலாளி அந்த நேரம் பார்த்தா வாசலில் நிற்க வேண்டும்?

"ஏய்யா, இங்க யாரு ஹெட் கிளார்க்கு?" என்று கேட்டாராம் முதலாளி. ஆபீஸ் முழுக்கச் சிரித்திருக்கிறது. இவர் யாரிடமும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

எனக்கும் சிரிப்பு முட்டியது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். வேலை போனதைவிட, அந்தப் பையனை நாலு பேர் முன்னால் சிறுமைப்படுத்திவிட்டோமே என்றுதான் அவருக்கு வேதனை. மத்தியானம் சாப்பிடவே இல்லை.

பொழுது சாய ஹெட் கிளார்க் சைக்கிளில் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. இவரும் எழுந்து நின்றுகொண்டார். இவர் நிற்பதால் அவர் நிற்க, அவர் நிற்பதால் இவர் நிற்க, கையில் காப்பியோடு நானும் நின்றேன்.

"ரெண்டு பேரும் உக்காராட்டி இதக் கொண்டுபோய் முருங்கையில ஊத்திருவேன்" என்றேன். உட்கார்ந்தார்கள்.

"மாஸ்டர், மொதலாளி கோவப்படல. நாளைக்கு வரச் சொல்லிட்டாரு."

"ஒனக்குத்தானப்பா அசிங்கமாப் போச்சு."

"எனக்கென்ன அசிங்கம்? நான் பாத்து அடிச்சது தப்புதான? ஆனா மாஸ்டர்..." என்று இழுத்தார். "ஆபீஸுல மட்டும் என்னைய ஏலேன்னு கூப்புடாதீக. பசங்க அதச் சொல்லியே ஓட்டுறாங்கெ."

தட்டியது ஒருநாள்தான். ஏலே என்பதை இவர் வாரம் பூராவும் சொல்லியிருக்கிறார்! இந்த முறை என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தத் தம்பியும் சிரித்துவிட்டது. இவர் மட்டும் சிரிக்காமல் காப்பியைக் குடித்து முடித்தார்.

வழியனுப்ப இவரும் வாசல் வரை போனார். அந்தத் தம்பி சைக்கிளில் கால் வைத்தபோது, "போயிட்டு வாங்க, சார்" என்றார் இவர்.

தம்பி பதறிப்போய், "ஐயோ மாஸ்டர், வீட்டுல என்னத்துக்கு அதெல்லாம்?" என்றது.

"நாளைக்கு வாயில வரணும்ல. இப்பவே சொல்லிப் பழகிக்கிறேன்."

சைக்கிள் தெரு திரும்பும் வரை நின்றுவிட்டு உள்ளே வந்தார். அவராகவே சொன்னார்:

"ஒரு மாதிரியாத்தேன் இருக்கு. ஆனா சொல்லியாச்சு. சோத்தப் போடு, பசிக்குது."