மூன்று நாளில் குணம்

இடஒதுக்கீடு கேட்டு மரங்களை வெட்டிச் சாலைகளை மறித்திருந்த வாரம் அது. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில், என் மருந்துக்கடைக்கு எதிர்ச்சுவரில், ஈர்க்குச்சி உடம்புக்காரரான மருந்து ஆய்வாளர் வழக்கம்போலக் கட்டைவிரல் நகத்தால் ஒரு மருந்துச் சுவரொட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். சர்க்கரை நோயை அடியோடு ஒழிப்பதாக விளம்பரம் செய்வது குற்றம் என்பார். பக்கத்திலேயே போராட்ட நோட்டீசு.

“இன்னாடா, எங்க நோட்டீசையா கிழிக்கிற?” என்று கூட்டம் பாய்ந்தது.

“மருந்து நோட்டீசுங்க!” என்று அவர் கத்தியது யார் காதிலும் விழவில்லை. முகத்தில் குத்தி, செங்கல்லால் அந்தக் கையை நசுக்கினார்கள்.

கடைக்குள் இழுத்துவந்து கட்டுப் போட்டேன். கட்டைவிரலில் நகமே இல்லை.

“மூணு நாள்ல குணமாய்டும் சார்.”

அவர் ரத்தத்தைத் துப்பினார். “நாள் கணக்கு சொல்லாதீங்க பாய். அதுவும் குற்றம்தான்.”

சிரித்தாரா என்று வீங்கிய முகத்தில் தெரியவில்லை. ஒரு மாதம் கழித்து, அதே சுவரொட்டியின் மிச்சத்தைச் சுரண்ட வந்தார், இடது கையால்.