நிறஞ்சலாவின் ஒறுத்தல்

பேசாலையில் கடற்தொழில் செய்யும் வின்சன்டின் மூத்த மகள் நிறஞ்சலாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். மன்னாரில் கணக்கியல் படிக்கப் போன முதல் கிழமையே, முருங்கனில் இருந்து பஸ்ஸில் வந்து வகுப்பில் தூங்கி விழும் நிரூபனைப் பிடித்துக்கொண்டாள்.

“கமக்காரர் வந்திட்டார், எல்லாரும் எழும்பி நில்லுங்கோ” என்பாள். அவன் வீட்டில் வயல்.

“கருவாடு மணக்குது, யன்னலைத் திறவுங்கோ” என்று அவன் மூக்கைப் பொத்துவான்.

காதல் என்று வகுப்பில் கதை கட்டினார்கள். காதலாவது கத்தரிக்காயாவது! ஒரு நாள் நக்கலடிக்காவிட்டால் இருவருக்கும் சோறு இறங்காது, அவ்வளவுதான்.

தை மாதம் நிரூபனின் அப்பா வயலிலேயே மாரடைப்பில் விழுந்து செத்துப்போனார். செத்த வீட்டுக்குப் போன நிறஞ்சலா, மொட்டைத் தலையோடு நின்ற அவனைப் பார்த்து வாயடைத்துப் போனாள்.

விபூதிப் புதன் பூசையில் சாமியார், மனதுக்கு மிகப் பிடித்ததைத் தவக்காலத்தில் விட்டு ஒறுக்க வேண்டும், அதை ஊருக்குச் சொல்லித் திரியக் கூடாது என்றார். வீட்டில் எல்லோரும் இறைச்சியை விட்டார்கள். நாள் முழுக்க மீன் தின்கிறவர்களுக்கு அது ஒரு ஒறுத்தலா? நிரூபனை நக்கலடிப்பதைவிட நிறஞ்சலாவுக்குப் பிடித்தது வேறொன்றுமில்லை. உயிர்த்த ஞாயிறு வரை அதை விடுவதாகவும், அந்தப் புண்ணியத்தை அவனுடைய அப்பாவின் ஆன்மாவுக்கு ஒப்புக்கொடுப்பதாகவும் முழங்காலில் நின்று நேர்ந்தாள். நல்ல மனதோடுதான் செய்தாள், பிள்ளை.

அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்ததும் நிரூபன் வகுப்புக்கு வந்தான். படிப்பை விட்டுவிட்டுக் கொழும்புக் கடைக்கு வா என்று மாமா நெருக்கிக்கொண்டிருந்தார். படித்து முடிக்கத்தான் வேண்டும் என்று அவன் பிடிவாதமாக வந்திருந்தான். தலையில் முடி குத்திட்டு முளைத்திருந்தது. வெட்டின வயல் மாதிரி இருக்குதடா என்று நாக்கு நுனிவரை வந்ததை அவள் விழுங்கினாள்.

“சாப்பிட்டனியா, நிரூபன்?”

அவன் அவளை ஒரு மாதிரிப் பார்த்தான். பிறகு குனிந்து தலையை நீட்டினான். “இதைப் பார். ஒண்டும் சொல்லமாட்டியோ?”

“உங்கட குடும்பத்தைக் கடவுள் கைவிடமாட்டார்.”

அவன் “ஓம்” என்றுவிட்டுப் கடைசி வரிசை வாங்கில் போய் இருந்தான்.

அதன் பிறகும் இரண்டொரு தரம் வம்புக்கு இழுத்துப் பார்த்தான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னாள். கொஞ்ச நாள்தானே, பிறகு வட்டியோடு கொடுக்கலாம் என்று நினைத்தாள். பங்குனி நடுவில் அவன் வரவு நின்றது. வயல் வேலையாக்கும் என்று இருந்துவிட்டாள்.

உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்ததும் முற்றத்தில் நின்றே அவனுக்குப் போன் எடுத்தாள்.

“டேய் மொட்டை, எங்கயடா ஒளிச்சிருக்கிறாய்?”

“கொழும்பில. மாமாவின்ர கடையில நிக்கிறன். படிப்பை விட்டிட்டன்.”

பகிடி என்று நினைத்து அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. நேர்த்தியை, அவனுடைய அப்பாவின் பேரை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள்.



“வீட்டில எல்லாரும் என்னைப் பார்த்துப் பார்த்து அழுகினம். ரோட்டால போனாலும் ‘ஐயோ பாவம்’ எண்டுகினம். நீ ஒருத்தி பழையபடி நக்கலடிப்பாய் எண்டுதான் நான் வகுப்புக்கு வந்தனான். நீயும் அவையள் மாதிரியே கதைச்சாய்.”

“திரும்பி வாவன்ரா.”

“இனி ஏலாது. அம்மா என்ர உழைப்பிலதான் இருக்கிறா.”

நிறஞ்சலாவால் அடக்க முடியவில்லை. விம்மல் போனுக்குள் கேட்டிருக்க வேண்டும்.

“பாத்தியா,” என்றான் நிரூபன், “இப்ப நீயும் அழுகிறாய்.”