ஸ்டீரிங் லாக்கைக் கேட்ட கை

என் தங்கை விழுந்தது வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில். ஸ்கூடாயில் நாங்கள் இருவரும் வாடகைக்கு இருக்கும் தாமான் குடியிருப்பின் முச்சந்தியில் எல்லை தாண்டி வேலைக்குப் போய்வரும் அவளைக் கம்பெனி பஸ் இறக்கிவிடும். அங்கிருந்து ஒரு தெரு நடக்க வேண்டும். அன்று மாலை வெயில்கூட இறங்கவில்லை. பின்னால் மோட்டாரில் வந்தவன் அவள் தோளில் மாட்டியிருந்த பையைப் பிடித்து இழுத்தான். வார் அறுந்திருந்தால் பையோடு போயிருக்கும். அறவில்லை. சாக்கடை ஓரத்துச் சிமெண்டில் தேய்ந்துகொண்டே அவளும் பையோடு போனாள். காறை எலும்பு முறிந்தது. முழங்கையில் தோலே இல்லை.

விநோதம் என்னவென்றால், அடிபட்டவள் அமைதியாகிவிட்டாள். கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு நாடகம் பார்த்தாள், ரொட்டி தின்றாள், ஒரு கையாலேயே தலைவாரப் பழகினாள். என்னால்தான் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. சோற்றில் கை வைத்தால் வெளியே மோட்டார் சத்தம் கேட்கும். எழுந்து கேட்டைப் பார்த்துவிட்டு வருவேன். வேலை பார்க்கும் கிளினிக்கில் நோயாளிகளின் பெயரை இரண்டு தடவை தப்பாகக் கூப்பிட்டேன். வாசலில் யாராவது ஹெல்மெட்டோடு நுழைந்தால் கை தானாக ஸ்டேப்ளரைத் தேடியது.

பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். கதவுக்குப் பின்னால் பழைய பேட்மிண்டன் மட்டை. கட்டிலுக்கு அடியில் அம்மிக் குழவி. குளியலறைக்கு வெளியே துணி காயப்போடும் மூங்கில் கழியிலிருந்து வெட்டிய ஒரு துண்டு. மிளகாய்த்தூளைத் தண்ணீரில் கரைத்து, செடிக்குத் தெளிக்கும் சின்ன பாட்டிலில் ஊற்றிக் கைப்பையில் வைத்தேன். அது கிளினிக்கில் கசிந்தது. தெரியாமல் கண்ணைத் துடைத்துவிட்டு, டாக்டரே வந்து என் கண்ணைக் கழுவிவிடும்படி ஆயிற்று.

"அக்கா, வீடு ஹார்ட்வேர் கடை மாதிரி இருக்கு. திருடன் வந்தா எதை எடுக்கறதுன்னு உனக்கே தெரியாது" என்றாள் தங்கை.

தாமான் மண்டபத்தில் பெண்களுக்குத் தற்காப்பு வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். சொல்லிக் கொடுத்தவர் ஒரு மலாய்ப் பெண், என்னைவிட இளையவர். சாவிகளை விரல் இடுக்கில் செருகிக் குத்தாதே, உன் விரல்தான் கிழியும் என்றார். குடையை வீசாதே, இரண்டு கையாலும் பிடித்து ஈட்டி மாதிரி முன்னால் தள்ளு என்றார். ஹெல்மெட், தண்ணீர் பாட்டில், சுருட்டிய பத்திரிகை, எல்லாவற்றையும் கையில் கொடுத்து மெத்தையை அடிக்கச் சொன்னார். ஒவ்வோர் அடிக்கும் பின்னால் ஒரே பேச்சுத்தான்: அடி, உடனே ஓடு, நின்று பார்க்காதே. நான் மெத்தையை அடித்தேன். ஓட மட்டும் மறந்துகொண்டே இருந்தேன்.

தூளியைக் கழற்றிய வாரம், சனிக்கிழமை, தங்கை காலைச் சந்தைக்கு வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். "எத்தனை நாளைக்கு உள்ளயே இருக்கறது? நீயும்தானே வர்ற" என்றாள். போனோம். மீன் வாங்கினோம், பயற்றங்காய் வாங்கினோம். திரும்பிக் காரில் ஏறி ஸ்டீரிங் லாக்கைக் கழற்றினேன். மஞ்சள் நிறத்தில், முழங்கை நீளத்துக்குக் கனமான இரும்பு. தங்கை ஏறவில்லை. எதிர்க் கடையில் கோப்பி கட்டிக்கொண்டு வருகிறேன் என்று நடந்தாள்.

கண்ணாடியில் ஒரு மோட்டாரைப் பார்த்தேன். வேகமாக வந்த வண்டி அவளை நெருங்கும்போது மெதுவானது. ஓட்டினவன் இடது கையை ஹேண்டிலிலிருந்து எடுத்தான். எப்படி இறங்கினேன் என்று எனக்கு நினைவில்லை. அவன் விரல்கள் அவள் பை வாரைத் தொட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன், கையில் அந்த இரும்பும் இருந்தது. வீசினேன். அவன் மணிக்கட்டில் பட்டது. காய்ந்த விறகு ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். மோட்டார் சாய்ந்து, அவன் கால் அதன் அடியில் மாட்டிக்கொண்டது.

தங்கைக்கு ஒன்றும் ஆகவில்லை. தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதற்குள் சந்தை முழுக்க அங்கே இருந்தது. மீன்காரர் ஓடிவந்து அவன் விலாவில் உதைத்தார். யாரோ அவன் ஹெல்மெட்டைப் பிடுங்கி அதாலேயே அவன் முகத்தில் அடித்தார்கள். முப்பத்தைந்து வயது இருக்கலாம். முன்பக்கம் வழுக்கை விழத் தொடங்கிய, எந்த வங்கியிலும் வரிசையில் நிற்கக்கூடிய ஒரு முகம். ஒடிந்த கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு "சூடா, சூடா" என்றான். மலாயில், போதும், போதும் என்று.

எனக்குப் பக்கத்தில் நின்ற ஓர் ஆள் என் முன்னால் கையை நீட்டினார். "காக், அதைக் கொடுங்க" என்றார், மலாயில் அக்கா என்று விளித்து, கடையில் மிச்சக் காசு கேட்கிற குரலில். ஸ்டீரிங் லாக்கைத்தான் கேட்டார்.

இரக்கம் வந்தது என்று சொன்னால் பொய். கீழே கிடந்தவனை இன்னொரு தடவை அடிக்க எனக்கே கை துடித்தது. ஆனால் அந்த நீட்டிய கையைப் பார்த்ததும் லாக்கை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். இந்த இரும்பு என்ன செய்யும் என்று அந்த இடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். இப்போது இதைக் கொடுத்தால், இது அடுத்து எதை உடைக்கிறதோ அதுவும் நான் உடைத்ததுதான்.

கொடுக்கவில்லை. அவர் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை. பின்னால் நகர்ந்து, விழுந்து கிடந்தவனுக்கு முன்னால் நின்று, லாக்கை இரண்டு கையாலும் குறுக்கே பிடித்தேன், கூட்டத்தைப் பார்த்து.

"திருடனுக்கா நிக்கற?" என்று கேட்டார் எனக்கு எப்போதும் கீரை கொடுக்கும் அக்கா. "உன் தங்கச்சி கை என்ன ஆச்சுன்னு மறந்துட்டியா?"

"மறக்கலக்கா."

"அப்ப தள்ளு."

"தள்ள மாட்டேன்."

மீன்காரர் என்னைச் சுற்றி வந்து இன்னோர் உதை விட்டார். லாக்கின் முனையை அவர் வயிற்றுக்கு நேராகத் திருப்பினேன், ஈட்டி மாதிரி. காலையில் எனக்குக் கெண்டை மீன் வெட்டிக் கொடுத்த மனிதர். அவர் என்னைப் பார்த்தார், இரும்பைப் பார்த்தார், எச்சில் துப்பிவிட்டு விலகினார். அப்போதுதான் தங்கையின் குரல் கேட்டது. போனைக் காதில் வைத்துக்கொண்டு, போலீஸ் அடுத்த சிக்னலில் வந்துவிட்டது என்று மலாயில் உரக்கச் சொன்னாள். பொய். லைன்கூடக் கிடைக்கவில்லை என்று பிறகு சொன்னாள். ஆனால் கூட்டம் தளர்ந்தது. போலீஸ் உண்மையாகவே வந்தபோது அவன் மோட்டாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மண்ணில் ரத்தம் துப்பிக்கொண்டிருந்தான்.

ஸ்டேஷனில், அன்றைக்குப் பையை இழுத்தவன் இவன்தானா என்று தங்கையிடம் கேட்டார்கள். நான் அவள் வாயையே பார்த்தேன். நிதானமாக யோசித்துவிட்டு, "இல்லை, அவன் இன்னும் ஒல்லி" என்றாள். இவனாக இருக்க வேண்டும் என்று நான் எவ்வளவு ஆசைப்பட்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. லாக்கை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்துக்கொண்டார்கள். வெளியே வந்து காரில் ஏறியதும் தங்கை, "இன்னொரு தடவை அப்படி இறங்காத. ஹாரன் அடி, போதும்" என்றாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "தேங்க்ஸ்" என்றாள். அவள் என்னிடம் அந்த வார்த்தையைச் சொல்கிறவள் இல்லை.

அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டதால் எனக்குக் கோர்ட்டில் வேலை இல்லாமல் போனது. சிறை என்று மட்டும் போலீஸ்காரர் போனில் சொன்னார். கை எப்படி இருக்கிறது என்று நான் கேட்டேன். "யார் கை?" என்றார் அவர்.

சில வாரங்கள் அந்தச் சந்தைக்கே போகவில்லை. போனபோது மீன்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், இன்றுவரை அப்படித்தான். கீரைக்கார அக்கா கீரைக் கட்டை என் கையில் கொடுத்துவிட்டு, "அவன் என்ன ஆனான்?" என்று கேட்டார். சொன்னேன். "உள்ள கையப் பார்ப்பாங்களா?" என்றார். பார்ப்பார்கள் என்றேன், எனக்கு என்ன தெரியும்.

தங்கை வேலைக்குத் திரும்பிவிட்டாள். பை எடுத்துப் போவதில்லை. பாஸ்போர்ட்டும் போனும் ஜாக்கெட்டின் உள் பாக்கெட்டில். நன்றாகத் தூங்குகிறாள். நான்தான் காலையில் கிளினிக்குக்கு நடக்கும்போது, பின்னால் மோட்டார் வந்தால் வேலியோரம் ஒதுங்கி நின்று திரும்பிப் பார்க்கிறேன். பெரும்பாலும் யுனிவர்சிட்டி பிள்ளைகள். சிலர் வழி கேட்கிறேன் என்று நினைத்து வண்டியை மெதுவாக்குகிறார்கள். போங்கள், போங்கள் என்று கையைக் காட்டுகிறேன். அவர்கள் வளைவில் திரும்பி மறைகிறவரை அங்கேயே நிற்கிறேன்.